சத்தம் எங்கே, பழுது எங்கே?

ஒருவன் வந்து நம்மிடம் ஒரு குறையைச் சொல்கிறான். கேட்ட மாத்திரத்தில் நமக்கு யார்மேல் சந்தேகம் வருகிறது? குறையின் மேலா, சொன்னவன் மேலா? வாசகர்கள் ஒரு நிமிஷம் இந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, நேற்றோ முந்தாநாளோ தம் வீட்டில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். சமையல் செய்கிற அம்மாள் அடுப்பங்கரையில் காஸ் வாடை அடிக்கிறது என்கிறாள். "உனக்கு எப்போதும் ஏதாவது ஒரு புகார்" என்கிறோம். பையன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிக்கிறார் என்கிறான். "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கிறோம். வயசான தகப்பனார் இராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறார். "பகலில் தூங்கினால் எப்படி வரும்?" என்று அவர் வாயை அடைத்துவிடுகிறோம்.

நான் மற்றவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. இந்த மூன்றில் இரண்டு என் வீட்டில் நடந்தவை. ஆனால் இதைப் பற்றி என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது தத்துவ நூல் எதுவும் அல்ல; ஒரு பழைய ஜீப்.

வேலூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும், ஆகையால் சொல்லவில்லை. ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கிற சிறு தொழில் அவருக்கு. ஒடுகத்தூருக்கு அப்பால், ஜவ்வாது மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலமும் உண்டு. நிலத்துக்குப் போகிற வழியில் ஓர் ஓடை குறுக்கிடும்; மழைக்காலத்தில் சேறு முழங்கால் வரை இருக்கும். அதற்காகவே நான்கு சக்கரங்களிலும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை அவர் வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்து, 1940களின் இறுதியில் பம்பாயில் பாகம் பாகமாக வந்து இறங்கிப் பூட்டப்பட்டு, நம் காடு மேடெல்லாம் ஏறிய அந்த ஜீப்பின் வம்சத்தைச் சேர்ந்தது அது. பேரன், கொள்ளுப்பேரன் என்று சொல்லலாம்.

போன வருஷம் நான் வேலூருக்குப் போயிருந்தபோது ஜீப் வாசலில் நின்றது, டிரைவரைக் காணவில்லை. பதினொரு வருஷமாக அந்த வீட்டில் வண்டி ஓட்டியவர் அவர். "எங்கே நம்ம ஆள்?" என்று கேட்டேன்.

"அனுப்பிட்டேன். வண்டியைக் கெடுத்துட்டான்" என்றார் நண்பர்.

நடந்தது இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் டிரைவர் அவரிடம் வந்து, "முன்பக்கம் டிபரன்ஷியலில் அரைபடுகிற மாதிரி சத்தம் வருகிறது, முதலாளி" என்று சொல்லியிருக்கிறார். அப்போது நண்பருக்கு ஒரு பெரிய ஆர்டர் கெடுவுக்குள் முடிய வேண்டிய அவசரம், காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைவர் மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். கடைசியில் ஒரு பட்டறைக்கு வண்டியை அனுப்பினார்கள். பட்டறைக்காரர் முன் அச்சின் டிபரன்ஷியலைக் கழற்றிப் பார்த்தார். பல் ஒன்றுகூட உடையவில்லை. எண்ணெயை மாற்றி, பூட்டி, பெரிய பில்லாகக் கொடுத்துவிட்டு, "உள்ளே ஒன்றும் இல்லை. உங்கள் டிரைவர் தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் போட்டு ஓட்டியிருக்கிறான். அதுதான் சத்தம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஒரு நாள் நெடுஞ்சாலையில் முன்சக்கரங்களின் ஹப் பூட்டியபடியே இருந்ததை நண்பர் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார். சாட்சியமும் கிடைத்துவிட்டது. டிரைவர் சொன்ன இடத்தில் பழுது இல்லை; ஆகையால் டிரைவர் பொய்யன். பட்டறையில் நான்கு பேர் முன்னிலையில் அவரைத் திட்டி, கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

இதைக் கேட்டு நான் என்ன சொன்னேன்? "டிரைவர்களே அப்படித்தான்" என்றேன். அந்த மனிதர் ஓட்டிய வண்டியில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அதற்கு முந்தைய பயணத்தில் அந்த அரைபடும் சத்தத்தை நானே கேட்டேன். நண்பரின் வண்டியைக் குறை சொல்வது மரியாதையல்ல என்று பேசாமல் இருந்தேன். அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது டிரைவருக்குச் சாட்சியாக இருந்திருக்கும். மரியாதைக்காக ஒரு முறை மௌனம். மரியாதைக்காகவே இன்னொரு முறை ஒத்து ஊதல். இதை முதலிலேயே சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

டிரைவர் போன பிறகும் சத்தம் போகவில்லை. மறுநாள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதாகத் திட்டம். "கிளம்புவதற்கு முன் யாரிடமாவது காட்டிவிடலாம்" என்று நண்பரின் மனைவிதான் வற்புறுத்தினார். அப்படித்தான் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

லாங் பஜாரைத் தெரிந்தவர்களுக்கு வர்ணனை வேண்டாம். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கோட்டைக்கு அருகே, மளிகையும் வெங்காயமும் பாத்திரமும் கயிறும் மூட்டை மூட்டையாகக் கைமாறுகிற தெரு. அங்கே காது என்கிற உறுப்பு இருப்பதே சில சமயம் மறந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் சத்தத்தைக் கேட்டே பிழைக்கிற ஒரு மனிதர் கடை வைத்திருக்கிறார். எல்லாரும் அவரை பாய் என்றுதான் அழைக்கிறார்கள். அறுபது வயசுக்கு மேல் இருக்கும்.

"முன்னாடி டிபரன்ஷியல் போயிடுச்சு பாய்" என்று நண்பர் ஆரம்பித்தார்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "என்ன வியாதின்னு நீங்க சொல்ல வேணாம் சார். எங்கே வலிக்குது, எப்ப வலிக்குது, அதை மட்டும் சொல்லுங்க."

பிறகு அவர் கேட்ட கேள்விகளைக் கேட்டு நான் அசந்துபோனேன். வண்டி நிற்கும்போது சத்தம் உண்டா? இஞ்சினை முடுக்கினால் ஏறுகிறதா, அல்லது வண்டியின் வேகத்தோடு ஏறுகிறதா? ஓடும்போதே கியரை நியூட்ரலில் தள்ளினால் நிற்கிறதா? வலப்பக்கம் திரும்பும்போது அதிகமா, இடப்பக்கம் திரும்பும்போது அதிகமா? ஓடையில் இறங்கிய மறுநாள் கூடுகிறதா? கடைசியாக எப்போது, யார், எந்தச் சக்கரத்தைக் கழற்றினார்கள்? ஆறு கேள்விக்கு நண்பருக்கு ஒன்றுக்குக்கூடப் பதில் தெரியவில்லை. "டிரைவருக்குத்தான் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இந்த இடத்தில் வண்டியின் சங்கதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கும் அன்று பாய் சொல்லித்தான் தெரியும்.

இவ்வகை ஜீப்பில் சாதாரணமாகப் பின்சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளுகின்றன. ஒரு லீவரைப் போட்டால் இஞ்சினின் பலம் இரண்டாகப் பிரிந்து முன் அச்சுக்கும் போகும். சேற்றிலும் மணலிலும் அது வேண்டும். தார் ரோட்டில் கூடாது. ஏனென்றால் வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டமாகவும் பின்சக்கரங்கள் சிறிய வட்டமாகவும் போகின்றன. முன்னவை கொஞ்சம் அதிகமாகச் சுற்ற வேண்டும். லீவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டதால் அது முடியாது. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் வழுக்க விடாது. முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களின் மேல் ஏறும். பட்டறைக்காரர் சொன்னதில் இவ்வளவும் சரிதான்.

ஆனால் ஹப் என்பது வேறு, லீவர் வேறு. முன்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைக் கையால் திருகிப் பூட்டினால் சக்கரமும் அச்சும் ஒன்றாகச் சுற்றும். திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் தனியே சுற்றும், அச்சும் டிபரன்ஷியலும் சும்மா நிற்கும். ஹப் பூட்டியிருந்து லீவர் போடாமல் இருந்தால், உள்ளே இருப்பவை வீணாகச் சுற்றும். கொஞ்சம் டீசல் அதிகமாகச் செலவாகும். வேறு கெடுதல் ஒன்றும் இல்லை. நண்பர் நெடுஞ்சாலையில் பார்த்தது அவ்வளவுதான். ஒரு மறதியை அவர் குற்றமாக எடுத்துக்கொண்டார். அந்த வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒரு விஷயம், ஒரு குடும்பத்தின் சோற்றில் போய் விழுந்தது.

பாய் வண்டியை எடுத்தார். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். காட்பாடிப் பக்கம் பாலாற்றுப் பாலம் வரை போனோம். முதலில் ஹப்புகளைத் திறந்துவிட்டு ஓட்டினார். சத்தம் இருந்தது.

"டிபரன்ஷியல் இல்லை சார்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஹப்பைத் திறந்துட்டோம். இப்ப அது சுத்தவே இல்லை. சுத்தாத சாமான் எப்படி சார் கத்தும்?"

எவ்வளவு எளிய வாக்கியம்! ஆறு மாதத்தில், அந்தப் பட்டறையில், ஒருவராவது இதைச் செய்து பார்த்திருந்தால் டிபரன்ஷியலைக் கழற்றியே இருக்க வேண்டாம். டிரைவரையும் கழற்றியிருக்க வேண்டாம்.

பிறகு நியூட்ரலில் தள்ளினார். வேகம் குறையக் குறைய சத்தமும் குறைந்தது. ஆகையால் அது இஞ்சினைச் சேர்ந்தது அல்ல, ஓட்டத்தைச் சேர்ந்தது. வலப்பக்கம் வளைத்தார்; சத்தம் உரத்தது. இடப்பக்கம் வளைத்தார், அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்களின் மேல் சாயும் என்பது எனக்கும் புரிந்தது. கடைக்குத் திரும்பியதும் இடது முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். கொட கொடவென்று ஆடியது. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறு கையை வில்பட்டையின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி இருந்தது. என் கையையும் இழுத்து அதன்மேல் வைத்தார். சிறு கல்லை நறநறவென்று மெல்லுவது போன்ற நடுக்கம் விரலில் ஏறியது.

ஹப்பைப் பிரித்தார்கள். உள்ளே பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் நட்டு தளர்ந்து கிடந்தது. அந்த நட்டு சுழலாமல் இருக்க ஒரு மெல்லிய தகடு உண்டு; அதன் விளிம்பை மடக்கிவிட வேண்டும். யாரோ மடக்காமல் விட்டிருந்தார்கள். வண்டி ஓட ஓட நட்டு தளர்ந்து, சக்கரம் ஆடி, சீல் தேய்ந்து, ஓடைத் தண்ணீரும் மணலும் உள்ளே புகுந்து, கிரீஸ் கறுத்து, உருளைகள் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி குழி விழுந்திருந்தன. ஏழு மாதத்துக்கு முன்னால் பிரேக் வேலைக்காக அதே பட்டறையில்தான் அந்தச் சக்கரத்தைக் கழற்றினார்கள் என்பது நண்பருக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"மலையிலே இறங்கும்போது சக்கரம் தனியா போயிருக்கும் சார்" என்றார் பாய், சாதாரணமாக.

நண்பர் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஏன் பாய் டிபரன்ஷியல் பக்கம் கேட்டுச்சு? அவனும் அப்படித்தானே சொன்னான்?" என்று கேட்டார்.

"இரும்பு சார். ஒரு கோடியில தட்டினா மறு கோடியில கேட்கும். சத்தம் பொய் சொல்லாது. இடம்தான் பொய் சொல்லும்."

அன்று முதல் இந்த வாக்கியம் என்னை விடவில்லை.

ஒருவன் குறை சொல்லும்போது அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. 'எனக்கு வலிக்கிறது' என்பது ஒன்று. 'இதனால்தான் வலிக்கிறது' என்பது இன்னொன்று. முதலாவதில் அவன் தவறுவது மிகவும் அரிது. வலி அவனுடையது, அவனைவிட அதை அறிந்தவர் யார்? இரண்டாவதில் அவன் எளிதில் தவறலாம். காரணத்தைத் தேடுவதற்கு வேண்டிய படிப்போ, கருவியோ, ஓய்வோ அவனிடம் இல்லை. நாம் செய்கிற அநியாயம் என்னவென்றால், இரண்டாவதில் அவன் தவறியதைக் காட்டி முதலாவதையும் பொய்யென்று தள்ளிவிடுகிறோம். டிரைவர் கேட்டது உண்மை; சொன்ன இடம் தவறு. இடம் தவறாகப் போனவுடனே கேட்டதும் பொய்யாகிவிட்டது.

மருத்துவர்களுக்கு இது பழைய பாடம். இருதயத்தில் கோளாறு இருக்கும். இடது கை வலிக்கும். இடுப்பு மூட்டில் வியாதி இருக்கும். குழந்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழும். முழங்காலில் ஒன்றும் இல்லை என்பதற்காகக் குழந்தையை அடிக்கிற டாக்டர் உண்டா?

வேலூரில் உட்கார்ந்து வலியைப் பற்றி யோசிக்கும்போது டாக்டர் பால் பிராண்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1946-ல் அவர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கூர்ந்து கவனித்து வேறொன்றைக் கண்டார்கள். நோய் நரம்பைத் தாக்கி வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாதவர் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், விடுவதில்லை. காலில் ஆணி குத்துகிறது, நடந்துகொண்டே இருக்கிறார். விரல்கள் போவதற்குப் பெரும் காரணம், எச்சரிக்கிற வலி இல்லாமற் போனதுதான். வலி ஒரு வரம் என்று அவர் பிற்காலத்தில் புத்தகமே எழுதினார்.

வீட்டுக்கும் ஊருக்கும் இது பொருந்தாதா? குறை சொல்கிறவன் நமக்கு வலி மாதிரி. அவனை வெளியே அனுப்பிவிட்டால் வலி நின்றுவிடும், விரல் போய்க்கொண்டிருக்கும்.

பாயின் கடையிலிருந்து வெளியே வந்தால் கோட்டை. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு" என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். ஆகையால் கேலியில் ஒன்று குறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கோட்டையும் அந்த ஆறும் பாயின் வாக்கியத்துக்கு இரண்டு உரைகளாக எனக்குத் தோன்றின.

1806-ல் கோட்டையில் இருந்த சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை அணிய உத்தரவு வந்தது. அதில் தோலால் செய்த ஒரு சின்னம் இருந்தது. நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது என்றும் விதித்தார்கள். மே மாதத்திலேயே சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். கிடைத்த பதில் கசையடி. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய், பெரிய ஆபத்து உருவாகிறது என்று சொன்னான். அவன் பைத்தியக்காரன் என்று முடிவு கட்டிச் சிறையில் வைத்தார்கள். ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்குள் கோட்டை வெடித்தது. சிப்பாய்களின் பக்கம் நிற்கிற நமக்கு அந்த மனிதனை மெச்ச மனம் வராது, அது கிடக்கட்டும். ஆட்சியில் இருந்தவர்களின் காதைப் பாருங்கள். குறை சொன்னவனுக்கு அடி, எச்சரித்தவனுக்குச் சிறை. பிற்பாடு கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிராடக்கும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அதற்குள் எத்தனை உயிர்கள்!

ஆற்றின் கதை நமக்குக் கிட்டத்தில் நடந்தது. பாலாற்றங்கரைக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது, நிறம் மாறிவிட்டது, பயிர் கருகுகிறது என்று விவசாயிகள் பல வருஷங்கள் சொல்லிவந்தார்கள். அவர்கள் ரசாயனம் படித்தவர்கள் அல்ல. தோல் பதனிடுகிற ஆலைக் கழிவில் எந்த உப்பு எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடியாது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்ல நாக்கு ஒன்று போதும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று கண்டறிந்தது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்றும், தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது விதியைக் கவனியுங்கள். காரணம் முழுவதும் விளங்காவிட்டாலும் சத்தத்தை மதி என்பதுதானே அது? 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி பேச நேர்ந்தது. தோல் தொழில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. என் நண்பரும் அதில்தான் சாப்பிடுகிறார். அதை நான் மறக்கவில்லை. ஜீப்பும் அவருக்குச் சோறு போடுகிற வண்டிதான். அதற்காகச் சத்தத்தை விட்டுவிடலாமா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "எல்லாப் புகாரையும் நம்பச் சொல்கிறீரா? வேலை செய்யாமல் இருப்பதற்காகப் புகார் சொல்கிறவன் இல்லையா? பிறரைக் கெடுப்பதற்காகப் பொய்ப் புகார் சொல்கிறவன் இல்லையா?" உண்டு, நிறைய உண்டு. நம்பு என்று நான் சொல்லவில்லை. பாயும் எங்களை நம்பவில்லை. நண்பர் சொன்ன காரணத்தை அவர் முதல் நிமிஷத்திலேயே ஒதுக்கிவிட்டார். ஆனால் சத்தத்தை ஒதுக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, காதைக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். பொய்ப் புகாரானால் அப்படிப் போகும்போதே அது விழுந்துவிடும். சொன்னதை அப்படியே நம்புவதும், சொன்னவனையே தள்ளுவதும், இரண்டுமே சோம்பேறித்தனம். தேடுவது ஒன்றுதான் உழைப்பு.

இன்னொன்றையும் பாயிடம் கற்றேன். தெரியாத நேரத்தில் அவர், "இன்னும் தெரியலை சார்" என்றார். பாலத்துக்குப் போகும் வழியில் இரண்டு முறை அப்படிச் சொன்னார். முந்தைய பட்டறைக்காரருக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. டிபரன்ஷியலைக் கழற்றியாகிவிட்டது, பில் போட வேண்டும், காரணம் ஒன்று வேண்டும். பக்கத்தில் எதிர்த்துப் பேச முடியாத ஒரு மனிதன் நின்றான். காரணம் கிடைத்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ தண்டனைகள் இப்படித்தான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். கொடுமையினால் அல்ல, 'தெரியவில்லை' என்று சொல்லக் கூசுவதனால்.

சாயங்காலம் நண்பர், ஆள் மூலம் டிரைவருக்குப் பணம் கொடுத்தனுப்பலாம் என்றார். நல்ல தொகைதான். "நாலு பேர் நடுவில் திட்டினீர், இப்போது கவரில் வைத்து ரகசியமாகக் கொடுப்பீரா?" என்று கேட்டேன். இந்தத் தைரியம் எனக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் வரவில்லை என்பதை அவர் சுட்டிக் காட்டவில்லை. பெருந்தன்மையான மனிதர்.

விசாரித்ததில், டிரைவர் லாங் பஜாரில் ஒரு மண்டிக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்தது. பாயின் கடையிலிருந்து கூப்பிடு தூரம். மறுநாள் மலைப் பயணத்தை நிறுத்திவிட்டு விடிகாலை ஐந்து மணிக்குப் போனோம். லாரியிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரே கூச்சல். எங்களைப் பார்த்ததும் அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க முதலாளி. வண்டி எப்படி இருக்குது? சத்தம் நின்னுடுச்சா?"

அவர் கேட்ட முதல் கேள்வி அது.

நண்பர் விவரத்தைச் சொன்னார். இடது ஹப், நட்டு, மடக்காத தகடு. டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "அட, ஹப்பா? நான் டிபரன்ஷியல்னு இல்ல சொன்னேன்? என் தப்புதான் முதலாளி" என்றார்.

தன்மேல் குற்றமே இல்லாதவர் தன் சிறு தவற்றைச் சொல்ல ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இருவரும் ஓர் இரவு முழுவதும் எடுத்துக்கொண்டோம்.

நண்பர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்தச் சமயம் பார்த்து ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது, சுமைக்காரர்கள் கத்தினார்கள். டிரைவர் காதருகே கையை வைத்து, "என்ன முதலாளி?" என்று கேட்டார். வேறு வழியில்லை. நண்பர் குரலை உயர்த்தினார். "உன்மேல தப்பில்லைப்பா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்." இரண்டு சுமைக்காரர்கள் மூட்டையோடு நின்று திரும்பிப் பார்த்தார்கள். முதல் முறை சொன்னது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை சொன்னது மன்னிப்புத்தான்.

அவர் திரும்ப வேலைக்கு வரவில்லை. "இங்கேயும் நம்பி வெச்சிருக்காங்க" என்றார். பணத்தில் தமக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "நீங்க சௌக்கியமா சார்?" என்று விசாரித்தார். சௌக்கியம் என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். 'அன்று அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன்' என்று சொல்வதற்குத்தான் போனேன். அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. பஜார் சத்தத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்போது இங்கே எழுதுகிறேன். ஆனால் அவர் பத்திரிகை படிக்கிறவர் அல்ல. ஆகையால் இந்தக் கட்டுரை கணக்கில் சேராது. அடுத்த மாதம் வேலூருக்குப் போகிறேன்.